லைப்ரரி அக்காவின் லேபிள்

அவளுக்கு லைப்ரரி என்று பெயர் வைத்தது பக்கத்துக் கடைத் தையல்காரர். நக்கலாகத்தான் வைத்தார். சலவைக் கடையில் நிற்கும் ஒருத்தி, ஒரு கையில் தண்ணீர் தெளிக்கும் குப்பியும் இன்னொரு கையில் தடிப் புத்தகமுமாக இருந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? மூன்றே மாதத்தில் அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவி, சொந்தப் பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் மிஞ்சியது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பெயர் என்றால் இப்படித்தான் ஒட்ட வேண்டும், வைத்தவரே நினைத்தாலும் பிய்த்தெடுக்க முடியக் கூடாது என்று ஏதோ புத்தகத்தில் போட்டிருந்ததாம். அதைச் சொல்லித் தையல்காரருக்கே நன்றி சொன்னாள். மனிதர் அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடை இரண்டு அறை. முன்னறையில் கவுன்டர், இஸ்திரி மேசை, மூட்டைகளை அடுக்கிவைக்கும் மரத்தட்டுகள். பின்னறையில் இரண்டு மெஷின், ஊறவைக்கும் தொட்டி, கஞ்சி காய்ச்சும் பாத்திரம், சந்துப் பக்கம் திறக்கும் ஒரு கதவு. துணி உலர்த்த மொட்டைமாடி. வாசல் பலகையில் ‘சலவை, இஸ்திரி’ என்று இரண்டே சொல். கடைக்கென்று பெயர் கிடையாது. மாமனார் காலத்திலும் இல்லை, மாஸ்டர் காலத்திலும் இல்லை. மாஸ்டர் என்பது அவள் கணவர். ஐம்பத்து நான்கு வயது. முப்பத்தாறு வருடம் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தள்ளி முதுகு வலப்பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது. பேச்சு குறைவு. சட்டையை மடித்துவைப்பது போலவே பேச்சையும் மடித்து உள்ளே வைத்துவிடுகிற ஆள்.

துணி மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. அழியாத மையில், சட்டையென்றால் காலர் பட்டைக்குள், பேன்ட் என்றால் இடுப்புக்குள், விரிப்பு என்றால் ஓரத் தையலுக்குள், எறும்பு அளவுக்கு ஒரு கிறுக்கல். இரண்டு புள்ளியும் ஒரு கொக்கியும் என்றால் மாடி வீட்டு வக்கீல். மூன்று கோடும் ஒரு சுழியும் என்றால் மருந்துக் கடைக்காரர் குடும்பம். எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. நூற்றிருபது வீட்டுக்கு நூற்றிருபது கிறுக்கல், இந்த இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தலையும் வாலும் புரியாது. பெயரையே எழுதிவிட்டால் என்ன என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டிருக்கிறாள். எங்கப்பா இப்படித்தான் போட்டார் என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சலவைக்கு வரும் துணி சும்மா வராது. எந்த வீட்டில் யார் குடிக்கிறார், யார் தனியாகப் படுக்கிறார், எந்தப் பெண் அழுது அழுது தலையணையை நனைக்கிறாள், யாருக்கு இருமலில் ரத்தம் வருகிறது, எல்லாம் மூட்டையோடு வந்து இறங்கும். டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் சலவைக் கடைக்குத் தெரிந்துவிடும். மாஸ்டரும் அவளும் அதையெல்லாம் பார்ப்பார்கள், ஊறவைப்பார்கள், அலசுவார்கள், மறந்துவிடுவார்கள். இப்படி இரு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுகூடக் கிடையாது. இருபத்திரண்டு வருடம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது.

பின் கதவுக்கு வருகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் டீச்சர். பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிட்டையர் ஆனவர். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை ஆறரைக்குச் சந்து வழியாக வருவார். மூட்டையில் விரிப்புகள்தான். அவர் கணவர் நடமாடுவார், ரேடியோ கேட்பார், ஜோக்கடிப்பார். படுக்கையில் மட்டும் சிறுநீரை அடக்க முடியாது. வெளியூரில் இருக்கும் மகனும் மருமகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாம் என்று பேச்செடுப்பார்களாம். அந்த இல்லத்தில் கவனிக்க ஆள் தேவைப்படுகிறவர்களைத்தான் எடுப்பார்கள், திடமாக இருக்கும் டீச்சருக்கு அங்கே இடமில்லை. அதனால் அவர்கள் வரும்போது வீட்டில் ஒரு பொட்டு வாடை இருக்கக் கூடாது, மெத்தை பளிச்சென்று இருக்க வேண்டும். இதை டீச்சர் ஒரே ஒருமுறைதான் சொன்னார், மூன்று வருடத்துக்கு முன்னால், மழைக்குக் கதவோரம் ஒதுங்கி நின்றபோது. நாற்பத்தேழு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தாச்சு, இனிமேல் தனியாகப் படுக்கக் கற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, மழை விடுவதற்குள் போய்விட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கண்ணாடிக் கடை வந்து மோதியது. எதிர்ச்சாரியில், மூடிக்கிடந்த பாத்திரக் கடையை இடித்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்து ஒரு சலவை நிலையம். பல ஊர்களில் கிளை உள்ள கம்பெனியாம். போனில் தட்டினால் வீட்டுக்கே வந்து துணி எடுத்துப் போகும் வெள்ளை வேன். சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, அதில் நீலத்தில் ஒரு சின்னம் அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சின்னத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னது, காலர் முனையில் இஸ்திரி சரியாக விழவில்லை என்பது மட்டும்தான். அதை வேறு யார் பார்த்தார்கள்?

ஆண்டு முடிவில் கடை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கட்டிடக்காரர் வாடகையை ஏற்றப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். இருக்கிற நூற்றிருபது வீடும் அப்படியே இருந்தால் ஒருமாதிரி சமாளிக்கலாம், குறைந்தால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். காலி செய்தால் மாஸ்டருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஒரு நாள் பயணத் தூரத்தில், ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மொத்தமாகத் துவைக்கும் ஆலை. அங்கே ஆண்கள் மட்டும் தங்கும் கொட்டகை, குடும்பத்துக்கு இடமில்லை. அவள் தன் தங்கை வீட்டில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவளுக்கு அவரும் அவருக்கு அவளும்தான். வேறு ஒன்றும் பெரிதாக அவள் ஆசைப்படவில்லை. சாயங்காலம் கடையை இழுத்து மூடிவிட்டு இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

புத்தகம் ஒரு கோட்டுப் பையிலிருந்து வந்தது. பையில் கிடைப்பது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே கவரில் போட்டு எடுத்துவைப்பது கடை வழக்கம். இதை மட்டும் அவள் நான்கு நாள் வைத்துக்கொண்டாள். கையடக்கப் புத்தகம், ஒரு பொருளுக்கு எப்படிப் பெயர் எடுப்பது என்பதைப் பற்றி. அவள் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். முதல் பத்துப் பக்கம் முட்டிமோதித்தான் போனாள். பதினோராவது பக்கத்தில், நல்ல பொருள் இருந்தும் பெயரில்லாமல் அழிந்த கடைகள் பற்றி ஒரு பத்தி வந்தது. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, இஸ்திரி மேசைக்குப் பின்னால் சாய்ந்து நின்ற மாஸ்டரின் முதுகு கண்ணில் பட்டது. அன்றைக்கே இரண்டு தெரு தள்ளியிருந்த நூலகத்துக்குப் போய் உறுப்பினராகிவிட்டாள்.

வியாபாரம், வடிவமைப்பு என்று எழுதிய அலமாரி அங்கே கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போகிற இடத்தில் அவள் உட்கார்ந்து படித்தாள். ஒரே சமயத்தில் மூன்று புத்தகம் தருவார்கள். எட்டு மாதத்தில் அந்த அலமாரியில் மேல்தட்டும் நடுத்தட்டும் முடிந்துவிட்டன. புரியாததை இரண்டு தடவை படித்தாள், அப்படியும் புரியாததைப் பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள். நிறம் எப்படிப் பேசும், எழுத்தின் தடிமன் எவ்வளவு, எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடம் விட வேண்டும், ஒரு சின்னத்தில் எத்தனை கோடு இருந்தால் கண் தடுமாறாது. இதெல்லாம் பொய்யில்லை. அந்த அறிவு அவளுக்குள் நிஜமாகவே இறங்கியது. மருந்துக் கடைப் பலகையில் எழுத்துகள் நெருக்கியடித்து மூச்சுமுட்டுவது அவளுக்குத் தெரிந்தது. ரொட்டிக் கடையின் பச்சை நிறம் வயிற்றைப் புரட்டுவது ஏன் என்று தெரிந்தது. நாற்பத்தாறு வயதில், இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த தெருவை அவள் முதல்முறையாகப் படித்தாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒருத்தரும் வாழ்க்கையில் ஒரு கைக்குட்டை துவைத்தவர்களாகத் தெரியவில்லை. பார், உன்னைக் காட்டு, ஊரறியச் சொல், உன் பெயர் எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே பாட்டு. சோப்புக்கும் செருப்புக்கும் அது சரி. மனிதர்கள் மறைத்து வைக்கிறதையே தொழிலாகக் கொண்ட கடை என்று ஒன்று இருக்கிறது என்பது அவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்காவது உறைத்திருக்கலாம். ஆனால் மீனுக்குத் தண்ணீர் தெரியாத மாதிரி, தன் கடை எதை விற்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளுப்பை விற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புத்தகத்தில் ஒரு கேள்வி இருந்தது. வாடிக்கையாளர் உங்களை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறார்? அவள் யோசித்துப் பார்த்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை மூட்டை கொடுக்கும்போதுதான். தினமும் பார்க்க வைப்பது எப்படி என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு, காலர் என்று கண்டுபிடித்தாள். காலருக்குள் யார் பார்ப்பார்கள்? உடுத்துகிறவன் பொத்தானைப் பார்ப்பான், கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்ப்பான், நேரமானதைப் பார்ப்பான். காலருக்குள் பார்ப்பது சலவைக் கடைக்காரர்கள் மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் காலர் பட்டைக்குள்ளேயே கண்ணை வைத்து வாழ்ந்தவளுக்கு, உலகமே அங்கேதான் பார்க்கிறது என்று பட்டுவிட்டது.

கடைக்குப் பெயர் தேடவே ஒரு மாதம் ஆனது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, இனிமேல் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மடித்த சட்டை ஒன்றை நான்கே கோட்டில் சின்னமாக வரைந்தாள். பார்த்தால் நல்ல வரைகலைக்காரர் போட்டது என்றுதான் சொல்வீர்கள். நிறம் ஆரஞ்சு, தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். அடியில் போன் நம்பர். வாக்குறுதி வரி என்று ஒன்று வேண்டுமென்று புத்தகம் சொன்னதால் நாற்பது வரி எழுதி, முப்பத்தொன்பதை அடித்து, ‘உங்கள் துணி எங்கள் பொறுப்பு’ என்று வைத்தாள். லேபிள் நெய்கிற பட்டறையில் இரண்டாயிரத்துக்குக் குறைந்து எடுக்க மாட்டேன் என்றார்கள். இரண்டாயிரம் வந்தது. தையல்காரர் ஒன்றை விரல்நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை சிரிக்கவில்லை. பெரிய கம்பெனிக் கணக்காக இருக்கிறதே என்றார்.

மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார். அடுத்தவர் துணியில் நாம் ஏன் தைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அதற்கு அவள் கால்மணி நேரம் பதில் சொன்னாள். நம்பிக்கை, நினைவு, அடையாளம் என்று பில் புக்கைப் புரட்டிப் புரட்டிச் சொன்னாள். அவருக்கு அவள் பேச்சில் பாதி புரியவில்லை, ஆனால் அவள் அப்படிப் பேசுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார். மூன்று வாரத்தில் நூற்றிருபது வீட்டுத் துணியிலும் லேபிள் ஏறிவிட்டது. சட்டைக்குக் காலரில், விரிப்புக்குக் கால்மாட்டு ஓரத்தில்.

உடுத்தினவர்கள் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். கொடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். தன் வீட்டில் பெரிய மெஷின் இருப்பதாக அவளிடம் அளந்துவைத்திருந்த கீழ்வீட்டுப் பெண், அடுத்த வாரம் மூட்டை அனுப்பவில்லை. சீருடையை ஆஸ்பத்திரியிலேயே துவைக்க வேண்டும் என்ற விதியை மீறி இங்கே கொடுத்துவந்த நர்ஸ் வரவில்லை. வக்கீலின் மனைவி, வீட்டில் எல்லாத் துணியும் தன் கையால்தான் துவைக்கிறேன் என்று மாமியாரிடம் பெயர் வாங்கிவைத்திருந்தவள், வரவில்லை. ஒருவரும் சண்டை போடவில்லை. சலவைக் கடையை விட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. மூட்டை வராது, அவ்வளவுதான். ஊருக்குப் போயிருப்பார்கள் என்று லைப்ரரி முதல் வாரம் நினைத்தாள். இரண்டாவது வாரம் தட்டுகளில் பதினாறு இடம் காலி. மாற்றம் வந்தால் முதலில் சிலர் விலகத்தான் செய்வார்கள், பின்வாங்கக் கூடாது என்று புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருந்தது. அவள் பின்வாங்கவில்லை.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை மத்தியானம், போன் வந்தது. லேபிளைப் பார்த்து வந்த முதல் போன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள். இளம் பெண் குரல், இதமான பேச்சு.

“டீச்சர் வீட்ல இருந்து பேசறேங்க. பெட்ஷீட்ல உங்க நம்பர் பார்த்தேன். எல்லாம் அவ்வளவு வெள்ளையா இருக்கே, நீங்கதான் துவைக்கிறீங்களா?”

எட்டு மாதம் காத்திருந்த போன் இது. திருப்தியான வாடிக்கையாளரின் கதையை உதாரணமாகச் சொல்ல வேண்டும், எண்களோடு சொல்ல வேண்டும் என்று ஒரு புத்தகம் சொல்லியிருந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அதைத் தனக்குத்தானே சொல்லிப் பழகியும் வைத்திருந்தாள்.

“நாங்கதாங்க. அஞ்சு வருஷமா நாங்கதான். முன்னாடி வாரத்துக்கு ரெண்டு வரும், இப்போ எட்டு வருது. அய்யாவுக்கு படுக்கையில அடக்க முடியறதில்ல, பாவம். முதல்ல பச்சத் தண்ணியில அலசிட்டு, வினிகர்ல ஊற வச்சு, அப்புறம்தான் சோப்பே போடுவோம். நீங்களே மோந்து பாருங்க, ஒரு பொட்டு வாடை இருக்காது. போன மாசம் அவர் விழுந்தப்போ தலையணை உறையெல்லாம் ரத்தம். அதையே தடம் தெரியாம எடுத்துட்டோம்.”

“விழுந்தாரா?”

“ஆமாங்க. ரெண்டு தடவை.”

“ரொம்ப தேங்க்ஸ்ங்க,” என்றது அந்தக் குரல். “விவரமா சொன்னீங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு போன்ல?”

“டீச்சர் வீட்ல இருந்துங்க. லேபிளப் பார்த்துட்டுப் பேசினாங்க.”

“டீச்சர் வீட்ல இருந்து யாரு?”

யார் பேசுவது என்று அவள் போனில் கேட்டிருக்கவில்லை. மழைக்குக் கதவோரம் ஒதுங்கி நின்று மகனையும் மருமகளையும் பற்றிச் சொன்ன டீச்சர் அவளுக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தார். அதே நம்பரைத் திரும்ப அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மாஸ்டர் திரும்பி, விட்ட இடத்திலிருந்து இஸ்திரி போட ஆரம்பித்தார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கே பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். ஆறரை ஆனது, ஏழு ஆனது, எட்டுக்குக் கதவைச் சாத்தினாள். செவ்வாய்க்கிழமையும் நின்றாள். இடையில் ஒருநாள் டீச்சர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனாள். சலவைக் கடைக்காரி முன்வாசலில் போய் நின்று என்னவென்று சொல்வது? வீட்டு முன்னால் கார் நின்றது, ஆட்கள் கட்டில் ஒன்றைக் கழற்றி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அகலமான பழைய மரக்கட்டில். திரும்பி வந்துவிட்டாள். வந்ததும் தட்டிலிருந்த மூட்டைகளையெல்லாம் தரையில் இறக்கிப் பிரித்துப் போட்டு, பிளேடை எடுத்து லேபிள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். மாஸ்டரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிரித்தார். நான்கு நாள் ஆனது. பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன, அவற்றை இஸ்திரியாலும் மறைக்க முடியவில்லை.

போனவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டு மாதத்தில் நூற்றிருபது எழுபத்தொன்றுக்கு வந்தது. ஒரு கடை வாயைத் திறந்துவிட்டது என்பது மட்டும் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு எந்த வீட்டில் என்ன கறை என்று தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை; அதுவே ஜனங்களுக்கு நிம்மதியாக இருந்தது. கட்டிடக்காரர் வந்தார், பலகையைக் கழற்ற ஒரு நாள் குறித்துக்கொடுத்தார். ஆலையில் மாஸ்டரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், முதுகைப் பற்றி அவர் வாய் திறக்காததால். திங்கட்கிழமை வண்டி. தங்கை வீட்டில் லைப்ரரிக்குச் சமையலறையை ஒட்டி ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நூலகத்திலிருந்து வந்து கிடந்த மூன்று புத்தகத்தையும் அவள் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து எது வேண்டும் என்று நூலகர் கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்ட நேரத்தில், டீச்சர் வந்தார். முன்வாசல் வழியாக வந்தார். கையில் மூட்டை இல்லை, ஒரு பெட்டி இருந்தது. லைப்ரரி எழுந்து நின்றாள், என்ன செய்வது என்று தெரியாமல் கைகளை முந்தானையில் துடைத்தாள். மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார்.

டீச்சர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பனியன்கள், சட்டைகள், பைஜாமாக்கள், துண்டுகள், எல்லாம் கணக்கு டீச்சருக்கே உரிய ஒழுங்கில். கணவரைச் சேர்த்திருக்கும் இல்லத்தில் எல்லார் துணியையும் ஒன்றாகப் போட்டுத்தான் துவைக்கிறார்களாம், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்க வேண்டுமாம், எழுதாததெல்லாம் போன வாரமே தொலைந்துவிட்டதாம். அழியாத மை இங்கேதானே இருக்கிறது என்று வந்ததாகச் சொன்னார். குரலில் கோபம் எதுவும் இல்லை. லைப்ரரி மைக்குப்பியையும் பேனாவையும் கட்டிவைத்த பெட்டியிலிருந்து தோண்டி எடுத்தாள். டீச்சர், அன்னிக்கு போன்ல நான்தான் என்று ஆரம்பித்தாள்.

“நீ தப்பா ஒண்ணும் சொல்லலம்மா,” என்றார் டீச்சர். “எவ்வளவு சுத்தமா துவைக்கிறாங்கன்னு மருமகளே மெச்சிக்கிட்டா.”

லைப்ரரி தலை நிமிரவில்லை. எந்த நாள் போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் விடுவார்களாம், இரண்டு பஸ் மாற வேண்டுமாம். அங்கே ராத்திரியில் இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டிலாம், விழ மாட்டாராம். அதையும் டீச்சர் நல்ல விஷயம் போலத்தான் சொன்னார்.

லைப்ரரி முதல் பனியனை எடுத்து, கை பழகிய இடத்திலேயே, கழுத்துப் பட்டைக்குள் பொடி எழுத்தில் டீச்சர் கணவரின் பெயரை எழுதினாள். இருபத்திரண்டு வருடத்தில் துணியில் அவள் எழுதிய முதல் பெயர். டீச்சர் அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இது பத்தாது. வெளியில எழுது, பெருசா எழுது. அவருக்குக் கண்ணு மங்கிடுச்சு. எது தன்னோட சட்டைன்னே தெரியாது, நான்தான் தினமும் எடுத்துக் குடுப்பேன். அங்க நான் இருக்கமாட்டேன்ல.”

லைப்ரரி பனியனைத் திருப்பி மேசையில் விரித்தாள். நெஞ்சுப் பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தும் விரல் நீளத்துக்கு இருக்கும்படி, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினாள். மை காயும் வரை டீச்சர் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.